சித்திரக்கதையில் வீரமங்கையர் இருவர்



ஆண்டு விழா மலர் என்றால் திருக்குறளின் பெருமையையும், சிலம்பின் சிறப்பையும், சேர சோழ பாண்டியரின் வெற்றிகளையும் எடுத்துரைக்கும் கட்டுரைகளே பெரிதும் இடம்பெறுதல் வழக்கம். அவற்றிடையே சிறுவர் படிக்கும் சித்திரக்கதையைப் பற்றி ஒரு வரலாற்றுக் கட்டுரையா என்று பெரியோர் சிலர் புருவத்தை உயர்த்தலாம். ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். நம் குடியிருப்பில் வளரும் பிள்ளைகளுள் பெரும்பாலோர் வரலாறு என்பதை முதன்முதலாகக் காண்பது பாடநூலில் அன்று. கதைப் புத்தகத்தின் வண்ணப் படத்தில்தான். இளமையில் கண்ட முகம் முதுமை வரை நெஞ்சை விட்டு அகலாது. எனவே அப்படத்தில் யார் முகம் தீட்டப்படுகிறது, யார் முகம் விடுபட்டுப் போகிறது என்று ஆராய்வது வீண் வேலையாகாது.

யான் வரலாற்றுப் பேராசிரியன் அல்லன். பள்ளி இறுதித் தேர்வில் தேறி, இரயில்வேயில் எழுத்தராகப் பணிபுரிபவன். வந்த தேதியையும் போன தேதியையும் ஒப்பிட்டுக் கணக்குப் பார்ப்பது என் தொழில். அந்தப் பழக்கத்தோடு சித்திரக்கதை வீராங்கனையர் சிலருடைய வரலாற்றை ஒப்பிட்டுப் பார்த்தபோது தோன்றிய கருத்தொன்றை ஈண்டு விளம்ப விரும்புகிறேன். சித்திரக்கதை பெரும்பாலும் ஒரே ஒரு தலைவியைத்தான் வரைகிறது. வரலாற்றிலோ அவளுக்குப் பக்கத்தில் மற்றொருத்தியும் நிற்கிறாள். அந்த இரண்டாம் பெண்ணைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மேனாட்டில் தோன்றிய வீராங்கனையர்

மனித ஆற்றலுக்கு மேற்பட்ட வலிமையுடைய வீரர்களைப் படங்களால் புனையும் வழக்கம் அமெரிக்காவில் பெருவழக்காயிற்று. 1938-ஆம் ஆண்டில் சூப்பர்மேன் தோன்றினான். அவனைத் தொடர்ந்து வந்தவர்களும் பெரும்பாலும் ஆடவரே. கதையில் வரும் பெண்ணுக்கு இருந்த வேலையெல்லாம் ஆபத்தில் சிக்கிக் கூக்குரலிடுவதும், வீரன் வந்து மீட்டபின் கண்ணீர் துடைப்பதுமே ஆகும். இந்நிலையை மாற்ற எண்ணிய வில்லியம் மார்ஸ்டன் என்னும் உளநூல் அறிஞர், 1941-இன் இறுதியில் வொண்டர் வுமன் என்னும் வீராங்கனையைப் படைத்தார். பெண்ணொருத்தி தானே போருக்குச் சென்று தானே வென்று வரும் கதை அமெரிக்கச் சிறுவர்க்கும் சிறுமியர்க்கும் புதுமையாக இருந்தது.

எனினும் அவளும் தனித்தே நின்றாள். இரு பெண்கள் ஒருவர்க்கொருவர் துணையாகி நடத்தும் கதை நிலைபெற மேலும் அரை நூற்றாண்டு சென்றது. 1996-இல் ‘பேர்ட்ஸ் ஆஃப் பிரே’, அதாவது ‘வேட்டைப் பறவைகள்’ என்னும் தொடர் தொடங்கிற்று. அதன் தலைவியர் இருவர். ஒருத்தி பிளாக் கேனரி; களத்தில் இறங்கிப் போரிடுபவள். மற்றொருத்தி ஆரக்கிள், முன்னாளில் பேட்கேர்ள் என்னும் பெயரோடு போரிட்டவள். 1988-இல் வெளிவந்த கதையொன்றில் துப்பாக்கியால் சுடப்பட்டு நடக்கும் ஆற்றலை இழந்தவள். சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே கணினியின் துணைகொண்டு செய்திகளைத் திரட்டித் தோழிக்கு வழிகாட்டுகிறாள். களத்தில் நிற்பவளின் வெற்றி, கண்காணா இடத்தில் அமர்ந்திருப்பவளின் அறிவால் விளைகிறது. இருவருள் ஒருத்தியை நீக்கிவிட்டால் கதை இல்லை. இக்கதையின் சிறப்பு இதுவே.

இது கற்பனைதான். ஆனால் இத்தகைய இணை நம் நாட்டு வரலாற்றில் கற்பனையாக இல்லாமல் வாழ்ந்தே காட்டியிருக்கிறது என்பதைப் பின்னர்க் காண்போம்.

தமிழில் சித்திரக்கதை

தமிழ்நாட்டில் 1960-இல் தினத்தந்தி நாளிதழ் ‘கன்னித்தீவு’ என்னும் தொடர் படக்கதையைத் தொடங்கிற்று. சிந்துபாத்தும் லைலாவும் நாள்தோறும் மூன்று கட்டங்களில் நம் வீடுகளுக்குள் வந்தனர். கதை முடிவதேயில்லை என்பதற்கு அது ஒரு பழமொழியாகவே ஆகிவிட்டது. 1964-இல் பம்பாயிலிருந்து டைம்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனத்தார் ‘இந்திரஜால்’ வரிசையைத் தொடங்கி, முகமூடி அணிந்த வேதாளனை இந்தியச் சிறுவர்க்கு அறிமுகம் செய்தனர். 1972-இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் பிறந்தது. ‘இரும்புக்கை மாயாவி’ அதன் முதல் வெளியீடு. மின்சாரம் பாய்ந்தால் இரும்புக் கை தவிர உடல் முழுதும் மறைந்துவிடும் அவ்வீரன் ஆங்கில நாட்டுக் கதையிலிருந்து வந்தவன். அந்நாளில் இரயில் நிலையப் புத்தகக் கடையில் அவனை வாங்கித் தராமல் பிள்ளைகளை வண்டியில் ஏற்றுவது அரிது என்று என் மூத்த பணித்தோழர்கள் கூறக் கேட்டிருக்கிறேன்.

1984-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அதே சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸ் வெளிவந்தது. அதன் முதல் இதழின் தலைமைப் பாத்திரம் ஆடவன் அன்று. மாடஸ்டி பிளைசி என்னும் பெண். 1963-இல் இலண்டன் நாளிதழொன்றில் தோன்றிய பாத்திரம் அது. தமிழ்ச் சிறுவர் இதழொன்று பெண்ணொருத்தியைத் தலைவியாக முன்னிறுத்திப் பிறந்தமை குறிப்பிடத்தக்கது. ஆயினும் மாடஸ்டிக்குத் துணை நின்றவன் கார்வின் என்னும் ஆடவன். அவள் நடந்த தெருக்களும் நம்முடையவை அல்ல. துணிவுள்ள பெண்ணைக் காண வேண்டுமானால் கடல் கடந்துதான் போக வேண்டுமோ என்று நம் சிறுமியர் எண்ணியிருந்தால் அது அவர் குற்றமன்று.

கன்னட மண்ணில் முளைத்த வித்து

இக்குறையைத் தீர்க்க முன்வந்தோருள் தலையாயவர் அனந்த பை அவர்கள். 1929-இல் கார்க்களாவில் பிறந்தவர், 2011-இல் மறைந்தவர். நாட்டுச் சிறுவர் அனைவராலும் ‘பை மாமா’ என்று அழைக்கப்பெற்றவர். கார்க்களா தென் கன்னட மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். அம்மாவட்டம் 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரை சென்னை மாநிலத்தோடு இணைந்திருந்தது என்பதை இளைஞர்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

இந்திரஜால் வரிசையில் பணியாற்றிய பை அவர்கள், நம் பிள்ளைகள் கிரேக்கக் கடவுளரை அறிந்து இராமனின் தாயை அறியாதிருக்கும் நிலை கண்டு வருந்தி, 1967-இல் இந்தியா புக் ஹவுஸ் நிறுவனத்தின் வாயிலாக ‘அமர் சித்ர கதா’ வரிசையை உருவாக்கினார். இதற்கு இரண்டாண்டு முன்னரே, 1965-இல், அந்நிறுவனத்தின் பெங்களூர்க் கிளையைச் சேர்ந்த ஜி. கே. அனந்தராம் என்பார் இதே பெயரில் கன்னடச் சித்திரக்கதைகளை வெளியிட்டிருந்தார். அவை மேனாட்டுத் தேவதைக் கதைகளின் கன்னட வடிவங்கள். ஆகவே இந்தியா முழுதும் பரவிய அந்த வரிசைக்குக் கன்னடமே நாற்றங்கால் எனலாம். பின்னாளில் அது இருபது மொழிகளில் பத்துக் கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றதாக நிறுவனத்தார் கணக்குக் கூறுகின்றனர்.

அவ்வரிசையில் ஜான்சி ராணி, இராணி துர்க்காவதி, சாந்த் பீபி, நம் கண்ணகி ஆகியோர் தனித்தனிப் புத்தகங்களின் தலைவியராயினர். இவர்களுக்கு முகமூடி இல்லை. மாயக் கயிறு இல்லை. வானில் பறக்கும் வரம் இல்லை. கையில் வாளோ சிலம்போ மட்டுமே இருந்தது. கன்னட நாட்டுக் கடற்கரையிலிருந்தும் ஒரு வீராங்கனை அவ்வரிசையில் இடம்பெற்றாள். அவளே உள்ளாலின் அரசி இராணி அப்பக்கா.

ஓர் அப்பக்காவா, இருவரா?

நம் மைசூரிலிருந்து ஹாசன், சக்லேஷ்பூர் வழியாக மலைச் சரிவின் சுரங்கங்களைக் கடந்து மங்களூருக்கு இருப்புப்பாதை செல்கிறது. நேத்திராவதி ஆறு கடலோடு கலக்குமிடத்தில், மங்களூருக்குத் தென்கரையில் உள்ளால் என்னும் துறைமுகம் உள்ளது. சௌட மரபினர் அங்கு ஆண்டனர். மாமனின் உரிமை மருமக்களைச் சேரும் ‘அளிய சந்தானம்’ என்னும் தாய்வழி முறை அவர்களிடையே நிலவிற்று. அம்முறையால் அரியணை ஏறியவள் அப்பக்கா.

மிளகு வாணிகத்தைத் தம் கையில் வைத்துக்கொள்ள விரும்பிய போர்த்துக்கீசியர் கடற்கரை அரசுகளிடம் திறை கேட்டனர். அப்பக்கா கொடுக்க மறுத்தாள். 1555-இல் அவர்கள் அனுப்பிய படையை அவள் எதிர்த்து நின்றாள். 1568-இல் பகைவர் அரண்மனையைக் கைப்பற்றியபோது அவள் தப்பிச்சென்று, மசூதியில் அடைக்கலம் புகுந்து, இரவோடு இரவாக இருநூறு வீரருடன் திரும்பித் தாக்கினாள் என்று துளு நாட்டு மக்கள் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். சைன குடியில் பிறந்த அரசி. அவள் படையில் இந்துக்களும் இசுலாமியரும் மொகவீர மீனவரும் தோளோடு தோள் நின்றனர் என்பதும் அம்மரபின் செய்தியே.

இனி மற்றொரு சான்றைக் காண்போம். 1623-இல் பியத்ரோ தெல்லா வல்லே என்னும் இத்தாலியப் பயணி இப்பகுதிக்கு வந்தார். போர்த்துக்கீசியத் தூதரோடு இக்கேரி வெங்கடப்ப நாயக்கரின் அவைக்குச் சென்றவர், பின்னர் உள்ளால் அரசியையும் நேரில் கண்டார். அரசியென்றால் பல்லக்கும் பட்டாடையும் எதிர்பார்த்திருப்பார் போலும். அவர் கண்டதோ, வெறுங்காலோடு, எளிய பருத்தி ஆடை உடுத்து, வாய்க்கால் வெட்டும் வேலையைப் பார்வையிட நடந்து வந்த ஒரு பெண்மணியை. தோற்றத்தில் அடுக்களைப் பணிப்பெண் போலவும், வாய் திறந்து பேசியபோது அரசியாகவும் விளங்கினாள் என்று அவர் எழுதி வைத்தார். அவளுக்கு நாற்பது வயதிருக்கலாம் என்று அவர் மதிப்பிட்டார். போர்த்துக்கீசியர் தம்மிடம் அவளை மிகவும் முதியவள் என்று கூறியிருந்ததையும் சேர்த்தே குறித்தார்.

இங்கேதான் எழுத்தனின் கணக்கு வேலை செய்கிறது. 1555-இல் படை நடத்தியவளுக்கு அப்போது இருபது வயது என்றே கொள்வோம். 1623-இல் அவளுக்கு எண்பத்தெட்டு ஆகியிருக்க வேண்டும். எண்பத்தெட்டு வயதுக் கிழவியை நாற்பது வயதினள் என்று யாரும் மயங்கார். எனவே 1555-இல் போரிட்டவள் ஒருத்தி. 1623-இல் வாய்க்கால் வெட்டியவள் மற்றொருத்தி. தாய்வழியில் ஒரே பெயர் தாங்கி அடுத்தடுத்து ஆண்ட அரசியர் இவர்கள் என்று ஆராய்ச்சியாளரும் கருதுகின்றனர். போர்த்துக்கீசியர் முதியவள் என்று சொன்னது, முன்னவளின் புகழைப் பின்னவள்மேல் ஏற்றிப் பேசியதாலாயிருக்கலாம். பகைவருக்கே இருவரும் ஒருவராய்த் தோன்றினர் போலும்!

சித்திரக்கதைக்கு ஒரு முகமே போதும். முப்பது பக்கத்தில் இரு தலைமுறையை அடக்க இயலாது. ஆனால் உண்மை அதனினும் பெரிது. ஒருத்தி மட்டும் வீரத்தோடு தோன்றி மறைந்திருந்தால் அதை வியப்பான நிகழ்ச்சி என்போம். அடுத்தவளும் அதே உறுதியோடு நின்றாளென்றால் அது ஒரு குலத்தின் பயிற்சி. ஒரு நாட்டின் பழக்கம். வாள் எடுத்தவளின் பெயரைத் தாங்கியவள் மண்வெட்டி வேலையை மேற்பார்த்தாள் என்பதும் எண்ணி மகிழத்தக்கது. போரிட்டுக் காத்த மண்ணுக்கு நீர் பாய்ச்சுவதும் அரசியின் கடமைதானே!

மைசூர் அறிந்த தமிழரசி

கன்னடக் கடற்கரையை விட்டு இனித் தமிழ் மண்ணுக்கு வருவோம். அங்கும் மைசூரின் தொடர்பு இருக்கிறது.

சிவகங்கைச் சீமையின் அரசி வேலு நாச்சியார் 1730-இல் இராமநாதபுரத்துச் சேதுபதி குடியில் பிறந்தவர். ஆண் மக்கள் இல்லாத வீட்டில் அவர் வாளும் சிலம்பமும் குதிரையேற்றமும் பயின்றார். பல மொழிகளும் கற்றார். 1772-ஆம் ஆண்டு சூன் திங்களில் ஆற்காட்டு நவாபின் படையும் ஆங்கிலக் கம்பெனியின் படையும் சேர்ந்து காளையார்கோயிலைத் தாக்கின. அவர் கணவர் முத்துவடுகநாதத் தேவர் அப்போரில் மாண்டார். அரசி தம் மகள் வெள்ளச்சியோடும், அமைச்சர் தாண்டவராய பிள்ளை, மருது சகோதரர் ஆகியோரோடும் திண்டுக்கல்லை அடுத்த விருப்பாட்சிக்குச் சென்று, அங்குப் பாளையக்காரராயிருந்த கோபால நாயக்கரின் ஆதரவைப் பெற்றார்.

திண்டுக்கல் அந்நாளில் மைசூர் அரசுக்கு உட்பட்ட கோட்டை. ஐதர் அலி 1755-இல் அதற்குப் பௌசுதாராக அமர்ந்து அங்கிருந்தே தம் வலிமையை வளர்த்தவர். 1772-இன் இறுதியில் தாண்டவராய பிள்ளை அவருக்கு மடல் எழுதி, ஐயாயிரம் குதிரைப்படையும் ஐயாயிரம் காலாட்படையும் அனுப்பி உதவுமாறு அரசியின் சார்பில் வேண்டினார். பின்னர் வேலு நாச்சியார் தாமே ஐதரைச் சந்தித்து உருது மொழியில் பேசினார் என்றும், அவ்வுரை கேட்டு அவர் வியந்தார் என்றும் கூறுவர். ஐதர் உதவியது இரக்கத்தால் மட்டுமன்று; நவாபும் கம்பெனியும் அவருக்கும் பகைவர். ஆயினும் நாடிழந்து வந்த தமிழரசிக்கு எட்டாண்டுக் காலம் நிழல் தந்தது மைசூரின் ஆட்சி என்பது மறக்கற்பாலதன்று. 1780-இல் மைசூரின் படைத்துணையோடும் மருது சகோதரரின் ஆற்றலோடும் அவர் சிவகங்கையை மீட்டார். 1796-இல் மறையும்வரை அவர் பெயர் அச்சீமையில் ஓங்கி நின்றது.

இன்று மைசூரில் ஏறினால் திண்டுக்கல்லையும் மதுரையையும் தொட்டுத் தூத்துக்குடிக்குச் செல்லும் விரைவு வண்டியில் நம்மில் பலர் ஊர் போய் வருகிறோம். வண்டி புறப்பட்டுச் சிறிது நேரத்தில் ஐதரின் தலைநகராகிய ஸ்ரீரங்கபட்டணம் வருகிறது. மறுநாள் திண்டுக்கல் மலைக்கோட்டை வருகிறது. நாம் விடுமுறைக்குச் செல்லும் அந்தப் பாதை, இருநூற்றைம்பது ஆண்டுகட்கு முன் ஓர் அரசியின் வேண்டுகோளைத் தாங்கித் தூதுவர் சென்ற திசைதான். இருப்புப்பாதை பிற்காலத்தது, உறவு பழையது.

குயிலி என்னும் இரண்டாம் பெண்

வேலு நாச்சியாரின் வெற்றிக்குப் பின்னே மேலும் இரு பெண்களின் பெயர்களைச் சிவகங்கை மக்கள் சொல்கின்றனர். ஒருத்தி உடையாள். அரசி சென்ற வழியைக் காட்டுமாறு பகைவர் வற்புறுத்தியும் வாய் திறவாமல் வெட்டுண்டு மாண்டவள். அவள் பெயரால் அரசி ஒரு பெண்கள் படையை அமைத்தார் என்பர். மற்றொருத்தி அப்படையின் தலைவியாகிய குயிலி.

சிவகங்கைக் கோட்டைக்குள் ஆயுதக் கிடங்கு இருந்தது. அது இருக்கும்வரை வெற்றி அரிது. நவராத்திரி விழாவின் நிறைநாளாகிய விசயதசமி அன்று இராசராசேசுவரி அம்மனை வழிபடப் பெண்களைக் கோட்டைக்குள் விடுவது வழக்கம். பூக்கூடைகளில் ஆயுதங்களை மறைத்துக்கொண்டு குயிலியும் தோழியரும் உள்ளே புகுந்தனர். விளக்கேற்ற வைத்திருந்த எண்ணெயை உடலெங்கும் ஊற்றிக்கொண்டு, தன் மேனிக்குத் தானே தீயிட்டுக் கிடங்கினுள் பாய்ந்தாள் குயிலி. கிடங்கு வெடித்துச் சிதறியது, கோட்டை வீழ்ந்தது. இதுவே மக்கள் நாவில் வாழும் வரலாறு.

தசரா என்றால் நம் மைசூர் எத்துணைக் கோலம் கொள்ளும் என்பதை நாம் அனைவரும் அறிவோம். அம்பாரி சுமந்த யானை அசைந்து வரும் அந்த விசயதசமி நாளில், குயிலியின் பெயரை ஒரு முறையேனும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொன்னால் என்ன?

குயிலியைப் பற்றிய செய்தி வாய்மொழி மரபு. அரசியின் செய்திக்குக் கடிதமும் கம்பெனிப் பதிவும் சான்றாக உள்ளன. இவ்வேறுபாட்டைப் பிள்ளைகளுக்கு மறைத்தல் தகாது. ஆனால் அதன் காரணத்தையும் கூடவே சொல்ல வேண்டும். அக்காலத்தில் அரசர்க்கும் தளபதிகட்கும் இடையேதான் மடல்கள் சென்றன. எளிய குடியில் பிறந்த ஒரு பெண் செய்த செயலை யார் ஓலையில் எழுதுவர்? எந்தக் கம்பெனி அதிகாரி தன் மேலிடத்துக்கு அறிவிப்பான்? எழுதப்படாதவர் பாட்டிலும் கதையிலும்தான் வாழ்ந்தாக வேண்டும். அலுவலகக் கோப்பில் மேலதிகாரியின் கையொப்பம் நிலைக்கும். அதைச் சுமந்து சென்ற கடைநிலை ஊழியரின் பெயர் நிலைக்காது. அதனால் அவர் இருந்ததே இல்லை என்று ஆகிவிடுமா?

வடநாட்டிலும் இதற்கு நிகரான ஓர் இணை உண்டு. ஜான்சி ராணி இலட்சுமிபாயை அறியாதார் இல்லை. அவருடைய பெண்கள் படையில் சல்காரிபாய் என்னும் கோலி குலப் பெண் இருந்தாள். 1858-இல் ஆங்கிலேயர் ஜான்சியை முற்றுகையிட்டபோது, அரசியைப் போன்ற தோற்றமுடைய அவள் அரசியின் வேடம் பூண்டு பகைவரை மயக்கி, அரசி தப்பிச்செல்ல வழி செய்தாள் என்பர். அவளும் நெடுங்காலம் மக்களின் பாட்டிலேயே வாழ்ந்தாள். 2001-இல்தான் அவளுக்கு அஞ்சல் தலை வெளிவந்தது. வேலு நாச்சியாருக்கும் 2008-இல்தான் அப்பெருமை கிட்டிற்று. அப்பக்காவின் பெயரைக் கடலோரக் காவற்படையின் கப்பலொன்று 2012 முதல் தாங்கி வருகிறது.

ஒரே அட்டைக்குள் இருவர்

2022-ஆம் ஆண்டு சனவரித் திங்களில், விடுதலையின் எழுபத்தைந்தாம் ஆண்டு விழாவையொட்டி, நடுவண் அரசின் பண்பாட்டு அமைச்சகமும் அமர் சித்ர கதா நிறுவனமும் இணைந்து ஒரு சித்திரக்கதைப் புத்தகம் வெளியிட்டன. புகழ் பெறாத விடுதலை வீராங்கனையர் இருபதின்மரின் கதைகள் அதில் அடங்கியுள்ளன. உள்ளால் அப்பக்கா அதில் இருக்கிறார், சிவகங்கை வேலு நாச்சியாரும் இருக்கிறார், சல்காரிபாயும் இருக்கிறாள். நாம் பிறந்த நாட்டின் வீரமங்கையும், நாம் வாழும் நாட்டின் வீரமங்கையும் ஒரே அட்டைக்குள் அருகருகே வந்தமர்ந்த காட்சி கண்டு யான் பெரிதும் மகிழ்ந்தேன்.

நம் பிள்ளைகளின் நிலைக்கு இப்புத்தகம் மிகவும் பொருந்துவது. பள்ளியில் கன்னடம் பயில்கின்றனர். தெருவில் கன்னடம் பேசுகின்றனர். வீட்டில் தமிழ் கேட்கின்றனர். “நாம் எந்த ஊர்?” என்று அவர்கள் வினவும்போது பெற்றோர் விடை சொல்லத் தடுமாறுதல் உண்டு. இவ்விரு அரசியரையும் காட்டி, “இவரும் நம்மவர், அவரும் நம்மவர், ஒருவர் கடல் வழி வந்த அயலாரைத் தடுத்தார், ஒருவர் அயலார் பறித்த மண்ணை மைசூரின் துணையால் மீட்டார்” என்று சொல்லலாம். இதனினும் தெளிவான விடை வேறொன்று எனக்குத் தோன்றவில்லை.

ஆயினும் அந்த இருபது கதைகளுள் குயிலிக்குத் தனிக்கதை இல்லை. இரண்டாம் அப்பக்காவுக்கும் இல்லை. இதைக் குறையாகக் கூறவில்லை. எந்தப் புத்தகத்துக்கும் பக்க அளவு உண்டு. புத்தகம் நிறுத்திய இடத்தில் நாம் தொடங்க வேண்டும் என்பதற்காகவே கூறுகிறேன்.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள்

நம் குடியிருப்பில் தமிழ் பேசும் பிள்ளைகள் பலர். தமிழ் படிக்கும் பிள்ளைகள் சிலரே. இன்னும் ஒரு தலைமுறை சென்றால் அச்சிலரும் அருகிவிடுவரோ என்னும் அச்சம் எனக்கு உண்டு. ஆங்கிலத்திலோ கன்னடத்திலோ அச்சேறிய கதையை அவர்கள் எப்படியும் படித்துக்கொள்வர். அச்சேறாத கதையை யார் கொடுப்பது? வாய்மொழியால் வாழ்ந்த குயிலி, வாய்மொழி நின்றால் மறைந்தே போவாள். சிவகங்கையை அடுத்த சூரக்குளத்தில் அவளுக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது, கல் நிற்கும். ஆனால் கல்லுக்குக் கதை சொல்லத் தெரியாது. பாட்டிக்கும் தாய்க்குமே அது தெரியும்.

ஆதலின் தாய்மார்களே, பிள்ளைக்குச் சித்திரக்கதை வாங்கிக் கொடுப்பதைத் தடுக்க வேண்டா. மேனாட்டு வீரர் வந்தாலும் வரட்டும். நல்லது எங்கிருந்து வந்தாலும் கொள்ளத்தக்கதே. ஆனால் புத்தகத்தைப் பிள்ளை மூடிவைத்த பின், “இந்த அரசிக்குப் பக்கத்தில் யார் நின்றார் தெரியுமா?” என்று ஒரு வினாவைத் தமிழில் கேளுங்கள். விடையையும் தமிழிலேயே சொல்லுங்கள். எது ஏட்டில் உள்ளது, எது மக்கள் நாவில் உள்ளது என்று பிரித்துச் சொல்லுங்கள். அப்பொழுது பிள்ளை வரலாற்றையும் கற்கும். வரலாற்றைச் சோதிக்கும் முறையையும் கற்கும். நம் மொழியையும் உடன் கற்கும்.

சங்கத்தின் இளைஞர்களுக்கும் ஒரு சொல். உங்களுள் படம் வரையும் கையுடையோர் பலர் உளர் என்பதை விழா மேடையின் திரைச்சீலைகளே சொல்லும். அடுத்த ஆண்டு மலரில் எட்டுப் பக்கம் ஒதுக்கி, வேலு நாச்சியாரையும் குயிலியையும் தமிழில் ஒரு சித்திரக்கதையாக வரைந்து தாருங்கள். எதிர்ப்பக்கத்தில் இரு அப்பக்காக்களையும் வரையுங்கள். ஒருத்தி கையில் வாள், மற்றவள் முன்னே வாய்க்கால் நீர். அதைக் கன்னடத்திலும் எழுதி அயல்வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். அவர்கள் உள்ளாலின் கதையை நமக்குச் சொல்ல, நாம் சிவகங்கையின் கதையை அவர்களுக்குச் சொல்லுவோம்.

பறக்கும் ஆற்றலும் மறையும் ஆற்றலும் கதை மாந்தர்க்கே உரியவை. தன்னருகில் நிற்பவளை நம்பும் ஆற்றல் நம் வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவர்க்கும் உரியது. அரசியை நம்பிக் குயிலி தீயில் பாய்ந்தாள்; குயிலியை நம்பி அரசி படை நடத்தினார். இருவர் பெயரையும் சேர்த்தே சொல்வோமாக.

வாழ்க தமிழ்! வளர்க கன்னட நாட்டோடு நம் உறவு!